உஷாராணியின் மூன்றாவது ஆம்புலன்ஸ்

முதல் ஆம்புலன்ஸை உஷாராணிக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். இரண்டாவதையும் அப்படிச் சொல்லித்தான் வாங்கினார்கள். மூன்றாவது வந்து இறங்கியபோது, வாய்ச்சொல்லை நம்ப அவள் ஒன்றும் நேற்றுப் பிறந்தவள் இல்லை என்பதால், முனியாண்டி சாமிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. பிற்பாடு நடந்ததைக் கேட்டுவிட்டு அவளை ஏமாளி என்று யாரும் பேசிவிடக் கூடாது. மனுஷி தன்னால் ஆன மட்டும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள்.

அவள் கணவன் கமலநாதனுக்கு மலேசியாவின் கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டி ஒரு பட்டறை. அவனைவிடப் பத்து வயது இளையவனான சுகுமாறன் அதில் கூட்டாளி. வெகுகாலம் லோரிகளுக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தவர்கள், கொஞ்ச வருஷமாக வேறு வேலைக்கு மாறியிருந்தார்கள். ராணுவம் கழித்துக் கட்டும் பழைய ஆம்புலன்ஸ்களை ஏலத்தில் எடுப்பது, காடுமேடெல்லாம் ஏறிப் போய், உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கி வருகிற வண்டியாக மாற்றுவது, விற்பது. ஏலத்தில் வருவது பெரும்பாலும் லேண்ட் ரோவர். பச்சைப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் செஞ்சிலுவை தெரியும். பின்பக்கப் பெட்டிக்குள் இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர் மாட்டும் இரும்புச் சட்டங்கள், கூரையில் மருந்து பாட்டில் தொங்கவிடும் கொக்கி, எத்தனை தடவை கழுவினாலும் போகாத ஆஸ்பத்திரி வாடை. சட்டங்களைக் கழற்றிவிட்டு, உள்சுவரில் சூடு தாங்கும் அட்டை ஒட்டி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சோலார் தகடு என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். இரும்பு வேலை கமலநாதனுடையது. வயரிங்கும் வாடிக்கையாளரிடம் பேச்சும் சுகுமாறன். மெத்தை, திரை, கொசுவலை எல்லாம் உஷாராணி.

பிணம் போன வண்டியில் எவன் படுப்பான் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாருமே செத்ததில்லையா, அதில் போய் நீங்கள் படுக்கவில்லையா என்று கேட்டு உஷாராணி அவர்கள் வாயை அடைத்தாள். அவளுக்கு அந்த வண்டிகள் மேல் அப்படி ஒரு பிடிப்பு.

இருபது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் அவள். விடிவதற்கு முன்னால் ஒரு வரிசை வீடுகள், மதியம் திரும்ப அதே வரிசை வீடுகள். ஹார்ன் அடித்தால் ஏதாவது ஒரு பிள்ளை ஒற்றைச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி ஓடி வரும். அத்தனை வருஷத்தில் அவள் ஓட்டிய தூரப் பயணம் என்றால் சிரம்பானில் ஒரு கல்யாண வீடு. அதுவும் அன்றைக்கே திரும்பியாயிற்று. கேமரன் மலையைத் தாண்டி, லோஜிங் வழியாகக் குவா மூசாங் இறங்குகிற பாதையை யாரோ எடுத்த வீடியோவில் பார்த்ததிலிருந்து, அதில் தானே வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. அலுத்த இடத்தில் நிறுத்த வேண்டும், அங்கேயே படுக்க வேண்டும், காலையில் தன் ஹார்ன் சத்தத்துக்கு யாரும் காத்திருக்கக் கூடாது. உலகத்துக்கு இது அற்ப ஆசையாக இருக்கலாம். அவளுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

கமலநாதனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. வேனை விற்றுவிட்டுப் பட்டறைக்கு வந்து தையல் வேலையைப் பார், நம் கையால் கட்டுகிற வண்டியிலேயே நீ போகலாம் என்றான். அவளும் விற்றாள். பிள்ளைகளின் அம்மாக்கள் வீடு தேடி வந்து கெஞ்சியும் கேட்கவில்லை.

முதல் வண்டி முடிகிற நேரத்தில் சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு சீனத் தம்பதி வந்து கேட்டார்கள். முதல் வண்டி ரோட்டில் ஓடினால்தானே நாலு பேருக்கு நம் வேலை தெரியும் என்றான் கமலநாதன். நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவதை ஈப்போவில் மலையேறும் கூட்டம் ஒன்று கொண்டுபோனது. அந்தத் தடவை அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கமலநாதன் சோற்றைப் பிசைந்து தட்டோடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தது உனக்குத்தான் என்றான். அவன் அதைச் சொல்லும்போது கேட்க இதமாக இருக்கும். அதுதான் அவனிடம் உள்ள தொல்லையே.

ஆகவே மூன்றாவது வண்டி வந்ததுமே, இந்தத் தடவை கற்பூரம் அடிக்க வேண்டும் என்று கமலநாதனிடம் சொல்லி வைத்து, அந்த வார வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் பட்டறை மூலைக்குக் கூப்பிட்டாள். அங்கே மரத்தடியில் தகரக் கூரை போட்ட சின்ன முனியாண்டி கோயில் இருந்தது. எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்கிற யோசனை அவளுக்கு வரவே இல்லை. கட்டின புருஷனிடம் கையெழுத்தா? அவள் வளர்ந்த இடத்தில் களவுப் பழியானாலும் வேலித் தகராறானாலும் சாமி முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் அந்த நெருப்பை அடித்து அணைக்க வேண்டும். அதற்குமேல் பேச்சுக் கிடையாது. பொய்யாக அடித்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும்.

சுகுமாறன் சப்பாத்துகளைக் கழற்றிப் போட்ட இடத்திலேயே நின்றான். நமக்குள் போய் என்ன அண்ணி சத்தியம் கித்தியம் என்றான். அவள் விடவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கமலநாதன் முன்னால் வந்து, கையைக் காற்சட்டையில் துடைத்தான். நெருப்பைப் பார்த்தான். பிறகு ஓர் எட்டுப் பின்னால் வைத்து, "நீ அடி தம்பி. ஆளுங்ககிட்ட விலை பேசுறது நீதான" என்றான். சுகுமாறன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, இந்த வண்டி அண்ணிக்குத்தான், யாருக்கும் விற்க மாட்டோம் என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்து அணைத்தான். உஷாராணிக்கு மனம் குளிர்ந்தது. இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பட்டறையிலேயே பழியாகக் கிடந்தாள். கட்டிலைத் தன் நீளத்துக்கு அளந்து கட்டச் சொன்னாள். அவள் குள்ளம். ஆகவே ஓட்டுநர் இருக்கையை முன்னால் தள்ளி, அடியில் ஒரு கட்டை கொடுத்து உயர்த்த வைத்தாள். அடுப்பு அவள் இடுப்பு உயரத்துக்கு வந்தது. மழை பெய்தால் ஓட்டுநர் அறையிலிருந்து இறங்காமலே பின்னால் போய்ப் படுக்க, நடுச்சுவரை வெட்டி வழி வைத்தான் கமலநாதன். லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கித் திரைத்துணி எடுத்தாள். கடலைமாவு நிறத்தில் பச்சைக் கொடி போட்டது. இவ்வளவும் நடக்கும்போது கமலநாதன் அவளோடு சேர்ந்துதான் இருந்தான். குவா மூசாங்கில் குளிருமா என்று அவள் கேட்டதற்கு, ஒரு தடித்த போர்வை எடுத்துக்கொள் என்று யோசனைகூடச் சொன்னான்.

திரைகளைத் தைத்து முடித்துப் பைக்குள் மடித்து எடுத்துக்கொண்டு அவள் பட்டறைக்குப் போன நாளில், வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே, அவளுடைய கட்டிலில், முன்பின் தெரியாத ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தாள். அவள் உயரமானவள். பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கட்டில் கொஞ்சம் குட்டை, மற்றபடி அருமையாக இருக்கிறது என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கணவர் பெட்டாலிங் ஜெயாவில் பல் டாக்டர், பெயர் சபாபதி. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். கட்டிலை நீட்டித் தருவதில் சிரமம் ஒன்றும் இல்லை என்று சுகுமாறன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர்கள் காரேறிப் போகிற வரைக்கும் உஷாராணி திரைப் பையை இடுக்கிக்கொண்டு நின்றாள். போனதும் சுகுமாறனை முனியாண்டி கோயில் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இங்கேதானே கற்பூரம் அடித்தாய் என்று கேட்டாள்.

"அன்னிக்கு எனக்குத் தீட்டு அண்ணி" என்றான் அவன். "கோலா சிலாங்கூர்ல எங்க சித்தப்பா தவறி ஒரு வாரங்கூட ஆகல. தீட்டோட அடிச்சது சேராது லா. சாமியே ஏத்துக்காது."

சித்தப்பா செத்த சேதியே அவளுக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் அவன் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. அப்பாவின் தம்பி செத்தால் பதினாறு நாள் தீட்டு. கோயில் பக்கம் தலை வைக்கக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது, தொட்டுச் சொன்ன சொல்லும் சொல்லில் சேராது. ஊர் அறிந்த விஷயம்தான். ஆனால் அவன் முகத்தில் துளி வெட்கம் இல்லை. என்றைக்கோ தயாராக எடுத்து வைத்த பதிலை ஒருவழியாகக் கொடுத்து முடித்த நிம்மதிதான் தெரிந்தது. தீட்டு என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் கேட்கவில்லையே அண்ணி என்றான்.

அவள் திரும்பிக் கமலநாதனைப் பார்த்தாள். அவன் கிரைண்டரைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து நின்றான்.

"என்னடா இது, எங்கிட்டகூட நீ சொல்லலியே" என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டில் உஷாராணிதான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். டாக்டரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, இப்போது முறித்தால் பட்டறையே உடைந்துவிடும் என்று அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீங்கள் என்ன செய்வீர்கள், கூடவே இருந்தவன் குழி பறித்தால் யாருக்குத்தான் தெரியும் என்றாள். வண்டி போனதைவிட, ஒருத்தன் தங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏமாற்றினானே என்பதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. தோள் வலிக்கிறது என்றான். தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். அவன் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை பழைய காரை எடுத்துக்கொண்டு சுங்கை வேயில் இருக்கும் சுகுமாறன் வீட்டுக்குப் போனாள். சுகுமாறன் பட்டறைக்குக் கிளம்பியிருப்பான், அவன் மனைவி தாமரை வீட்டில் இருப்பாள், உன் புருஷன் செய்த காரியத்தைப் பார் என்று அவளிடம் நன்றாகக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது எண்ணம். வழி நெடுகக் கேள்விகளைக் கோத்துக்கொண்டே போனாள். தாமரை கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்து, பார்த்து எத்தனை நாளாயிற்று, உடம்பு எப்படி இருக்கிறது அக்கா, இப்போது தேவலையா என்று கேட்டாள். உஷாராணிக்குப் புரியவில்லை. எந்த உடம்பு என்றாள்.

"சித்தப்பா எடுப்புக்கு வர முடியாமக் காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே" என்றாள் தாமரை. "நான்தான் வந்து பாக்கணும்னு இருந்தேன், தீட்டோட எப்படி வரதுன்னு விட்டுட்டேன். அண்ணன் மட்டும் இல்லாட்டி அன்னிக்கு நாங்க தவிச்சுப் போயிருப்போம்க்கா. பாடை தூக்க ஆள் பத்தல. அவருதான் கடைசி வரைக்கும் தோள் குடுத்தாரு."

நேற்றைக்கு அவள் தைலம் தேய்த்த தோள்.

தாமரைக்கு ஒரு கபடமும் தெரியாது. காப்பி கலந்து எடுத்து வந்தாள், கூட இரண்டு பிஸ்கட்டும் வைத்தாள். உஷாராணி கோத்துக்கொண்டு வந்த கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. காப்பியை முழுக்கக் குடித்தாள். காய்ச்சல் இப்போது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சத்தியம் வாங்குவதற்குச் சில நாள் முன்னால் நடந்தது ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ரவாங்கில் பழைய கதவு ஒன்று பார்க்கப் போகிறேன் என்று கமலநாதன் காலையிலேயே கிளம்பினான். திரும்பி வரும்போது தலை நனைந்திருந்தது, வழியில் மழை என்றான். சாவு வீட்டுக்குப் போனவன் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறான். அவன் சொந்தமில்லை, ஆகவே குளித்ததோடு அவனுக்குத் தீட்டுக் கழிந்தது. அப்படியென்றால் அந்த வெள்ளிக்கிழமை அவன் சுத்தமாகத்தான் இருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தவன் எதற்காகப் பின்னால் போனான்? அவளுக்கு விடை தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும், மறந்திருப்பான், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் இருந்திருப்பான் என்று கிள்ளான் வரும்வரை அவனுக்காக இவளே சாக்குத் தேடிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷப் பழக்கம், ஒரு காலையில் போய்விடுமா?

வீட்டில் அவள் எதையும் கேட்கவில்லை. சோறாக்கினாள், போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் மனைவியும் மாலை, எலுமிச்சம்பழம், தேங்காயோடு வந்துவிட்டார்கள். வண்டி பட்டறையை விட்டுப் போகும்போது பூசை போட்டு, சுமங்கலி ஒருத்தி பொட்டு வைத்து அனுப்புவது வழக்கம். முதல் இரண்டு வண்டிக்கும் உஷாராணிதான் வைத்தாள். ராசியான கை என்று சுகுமாறன்கூடச் சொல்லுவான். அன்றைக்கு அவள் வண்டிக்குள்ளே திரைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலை நீட்டியிருந்தார்கள். புது மெத்தையையும் அவள்தான் தைத்தாள். அரைகுறையாக ஒரு வேலையைக் கொடுத்தனுப்ப அவளுக்குக் கை வராது. கமலநாதன் பின்கதவுப் படியில் ஏறி, எல்லாரும் காத்திருக்கிறார்கள், வந்து பொட்டு வை என்றான்.

"நீங்க ஏன் அன்னிக்குக் கற்பூரம் அடிக்கல?" என்று கேட்டாள் உஷாராணி.

அவன் வெளியே ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே வந்தான். முடிந்துபோன பேச்சை இப்போது எதற்கு எடுக்கிறாய் என்றான்.

"தாமரை எல்லாம் சொல்லிட்டா. பாடைக்குத் தோள் குடுத்தீங்க, எனக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க, தெரியும். அதைக் கேக்கல. நீங்க ஏன் அடிக்கல?"

கமலநாதன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பொய் சொல்லப் பார்த்தான். வரவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

"எனக்குத் தீட்டு இல்லையே உஷா. குளிச்சாச்சே. நான் அடிச்சிருந்தா அது பலிச்சுப் போயிருமே. முனியாண்டி சும்மா விடுவாரா?"

ரொம்ப எதார்த்தமாகச் சொன்னான். வெல்டிங் வைக்குமுன் கேஸ் வாயை மூட வேண்டும் என்று சொல்கிற மாதிரி. அவளுக்குப் புரிந்துவிடும் என்றும் நினைத்தான். அவளுக்கு நன்றாகத்தான் புரிந்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்த அன்றைக்கே இந்த வண்டியை விற்பது என்று இருந்திருக்கிறான். கட்டிலை அளந்தபோது தெரியும். இருக்கைக்கு அடியில் கட்டை வைத்தபோது தெரியும். போர்வை எடுத்துக்கொள் என்றபோதும் தெரியும். சாமி கோபத்துக்கு வழி பார்த்து, இளையவனை முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டவன், இவள் கோபத்துக்கு ஒரு வழியும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. ஒரு நாள் சாப்பிட மாட்டாள், சோற்றைப் பிசைந்துகொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் தீர்ந்தது. அவமானம் அவள் உடம்பெல்லாம் எரிந்தது. சுகுமாறன் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவன் யார், வெளியாள்.

நல்ல நேரம் போகிறது அண்ணே என்று சுகுமாறன் வெளியிலிருந்து கூப்பிட்டான்.

கமலநாதன் எழுந்தான். அவள் அழப் போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, முகம் இளகி, பக்கத்தில் வந்தான்.

"விடு. அடுத்த ஏலத்துல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். இதைவிட நல்ல வண்டி. அது உனக்குத்தான், சத்தியமா" என்றான். சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்கி அவள் உச்சந்தலையில் வைத்தான்.

நெருப்பை அடித்துச் செய்கிற சத்தியம் பொய்யானால், கேடு அடித்தவனுக்கு. ஒருத்தர் தலையில் கை வைத்துச் செய்கிற சத்தியம் பொய்யானால், கேடு அந்தத் தலைக்கு. அவர்களுக்குள் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அம்மா தலையில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்று பிள்ளைகள் அழுவதை அவள் வேனிலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கற்பூரத்துக்கு முன்னால் தயங்கிய கை, துடைத்துக்கொண்டு பின்னால் போன கை, இங்கே ஒரு தயக்கமும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

உஷாராணி அவன் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தலையிலிருந்து எடுத்து, கீழே விட்டாள்.

"அது பொய்யாப் போனா உங்க மேல விழும், அதான் அடிக்கல" என்றாள். "இது பொய்யாப் போனா என் மேலதான விழும்."

கமலநாதன் ஒன்றும் விளங்காதவனாகத் தன் கையைப் பார்த்தான். அப்புறம் விளங்கிவிட்டது. அவன் முகம் வெளுத்தது.

"ஐயோ, நான் அப்படி நெனச்சுப் பண்ணல உஷா" என்றான்.

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் நினைத்தே பார்க்கவில்லை.